நல்லதங்காளின் பெயர்

ஆண்மகன் ஒருவன் பெண்ணுடை தரித்து மேடையேறுவது நாகரிகமடைந்த சமூகத்துக்கு ஏலாத செயல் என்று, 1975ஆம் ஆண்டு கோலா தெர்லாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் கோயில் திடலில் ஒரு சொற்பொழிவு நடந்தது. கேட்டவர் அறுபது எழுபது பேர் இருக்கலாம். கைதட்டல் பலமாகவே இருந்தது. அச்சொற்பொழிவைச் செய்தவன் நான். எனக்கு அப்போது வயது பதினெட்டு. தோட்டத்து வாலிபர் மன்றத்தின் செயலாளர் பதவி கிடைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அன்று பேசியவற்றுள் பெரும்பகுதி எனக்கு மறந்துபோயிற்று. ஒரு வாக்கியம் மட்டும் மறக்கவில்லை. "மீசை முளைத்த நல்லதங்காளைப் பார்த்து நம் தாய்மார் இன்னும் எத்தனை காலம் அழுவது?" என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அச்சிரிப்புக்கு இலக்கானவர் கூட்டத்தின் கடைசியில் கோயில் மணியருகே கைகட்டி நின்றிருந்தார். அவர் அங்கே நிற்பதை நான் அறிவேன். அறிந்துதான் பேசினேன்.

ஐம்பது ஆண்டுக்கு முற்பட்ட இக்கதையை இன்று ஏன் எடுத்தேன் என்று வாசகர் வினவலாம். காரணம் என் பேர்த்தி. ஈப்போவில் கல்லூரியில் படிக்கும் அவள், விடுமுறைக்கு மலையேறி வந்திருந்தபோது, ஒரு மாலைப் பொழுதில் தன் கைப்பேசியை என் முன் நீட்டி, "தாத்தா, இதைப் பாருங்க" என்றாள். வெளியே மழை. கோலா தெர்லாவில் மழை பெய்தால் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளில் விழும் ஓசையால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேளாது. ஆகவே ஓசையின்றிப் படத்தை மட்டுமே முதலில் கண்டேன். கண்ணாடி முன் அமர்ந்த ஒருவர் பாதி முகம் பெண்ணாகவும் பாதி முகம் ஆணாகவும் இருந்தார். வலக்கண்ணுக்கு மை எழுதி முடித்து இடக்கண்ணுக்கு வந்திருந்தார். அந்த இடது பாதியைக் கண்டவுடன் எனக்கு நெஞ்சு திடுக்குற்றது. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பேர்த்தி காட்டியது ஒரு போட்டி. பெண்வேடமிடும் கலையை ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'டிராக்' என்று வழங்குகின்றனர். ரூபால் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர், 1960இல் பிறந்து 1992இல் ஒரு பாடலால் பெரும்புகழ் பெற்றவர், 2009ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 'டிராக் ரேஸ்' என்ற தொலைக்காட்சிப் போட்டியைத் தொடங்கினார். முதலாண்டுப் பரிசு 20,000 டாலர். அதை வென்றவர் பிபி சஹாரா பெனே என்னும் மேடைப்பெயர் கொண்டவர். பிறந்த நாடு கேமரூன். பேர்த்தி இதைச் சொன்னபோது என் காது 'கேமரன்' என்று கேட்டுவிட, "எந்தத் தோட்டம்?" என்று வினவிவிட்டேன். அவள் சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று.

போட்டியின் முறை இது. பத்துப் பன்னிரண்டு பேர் ஓர் ஒப்பனைக்கூடத்தில் கூடுகின்றனர். வாரந்தோறும் ஒரு வேலை தரப்படும். ஒரு வாரம் கந்தல் துணியும் கழிவுப் பொருளும் கொடுத்து ஆடை தைக்கச் சொல்வர். மறுவாரம் புகழ்பெற்ற ஒருவரைப்போல் பேசி நடித்துச் சிரிக்கவைக்க வேண்டும். இன்னொரு வாரம் பாட்டெழுதி ஆட வேண்டும். முடிவில் மேடையில் நடந்து காட்ட வேண்டும். கடைநிலையில் நிற்கும் இருவர் ஒரு பாட்டுக்கு வாயசைத்து உயிரைக் கொடுத்து ஆடுவர். அவருள் ஒருவர் அன்றே விடைபெறுவர். தைப்பவர், பாடுபவர், நையாண்டி செய்பவர், ஆடுபவர் யாவரும் ஓராளாகவே இருத்தல் வேண்டும். நமது பழைய நாடகக் கொட்டகையில் ஸ்திரீபார்ட்டும் பபூனும் தையற்காரனும் ஒருவனே என்றால் எப்படியிருக்குமோ அப்படி. இதில் வணிகம் இல்லையா என்றால், நிறைய உண்டு. சிறு மனத்தாங்கலைப் பெரும் போராக்கிக் காட்டுவதும், உடைக்காகப் போட்டியாளர் கடன்படுவதும் எனக்கு உவப்பாயில்லை. ஆயினும் வேலையின் கடுமையை நான் மதித்தேன்.

போட்டி பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. 2018இல் தாய்லாந்திலும் 2022இல் பிலிப்பைன்ஸிலும் நடந்தது. பேர்த்தி காட்டியது கனடாவினுடையது. 2020ஆம் ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒளிபரப்பான முதற்போட்டி. பன்னிருவர் புகுந்தனர். வென்றவரின் மேடைப்பெயர் பிரியங்கா. இயற்பெயர் மார்க் சுக்னானன். பரிசு 100,000 கனடிய டாலர். அதற்கு முன் அவர் சிறுவர் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துபவராயிருந்தவர். குழந்தைகளிடம் மாலையில் கதை பேசிவிட்டு இரவில் ஒப்பனை பூசியவர். இந்திய வழியினர் ஒருவர் இப்போட்டியை வென்றது அதுவே முதல் முறை. பிரியங்கா என்ற பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஆசிரியனாயிருந்த நாளில் ஒரே வகுப்பில் மூன்று பிரியங்காக்களுக்கு வருகை குறித்திருக்கிறேன்.

அவருடைய பெற்றோர் கயானாவிலிருந்து கனடாவுக்குக் குடியேறியவர்கள். கயானா என்றால் நம்மவர்க்குப் புரியவேண்டும். 1838இல் விட்பி, ஹெஸ்பரஸ் என்னும் இரு கப்பல்கள் இந்தியக் கூலிகளை முதன்முதலாக அந்நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச்சென்றன. 1917இல் அந்த ஒப்பந்த முறை நிறுத்தப்படும் வரை கப்பல்கள் ஓயவில்லை. பெரும்பாலோர் வடநாட்டார், சென்னைத் துறைமுகம் வழியே போன நம்மவரும் சிலர். மார்க் வளர்ந்த கனடிய ஊரின் பெயரும் விட்பி என்று பேர்த்தி கண்டுபிடித்தாள். கப்பலின் பெயரும் ஊரின் பெயரும் ஒத்தது தற்செயலே. நான் அதில் விதியைக் காணவில்லை. இவரைத் தமிழரென்று உரிமை கொண்டாடவும் நான் வரவில்லை. ஆனால் லயத்து வீட்டின் பேரப்பிள்ளை இவர்; கரும்பு லயமானால் என்ன, தேயிலை லயமானால் என்ன?

மேடையில் அவர் செய்யும் வழக்கம் ஒன்றுண்டு. கூட்டத்தை நோக்கி, "என் பெயர் என்ன?" என்று கேட்பார். கூட்டம் "பிரியங்கா!" என்று முழங்கும். பிறகு ஒப்பனையைத் துடைத்துவிட்டு, மார்க்காக அமர்ந்து பேசுவார். பத்திரிகைகள் இரு பெயரையும் அச்சிடுகின்றன. 2024இல் டென்னசி, ஓக்லஹோமா மாநிலங்களின் ஊர்களுக்குச் சென்று உள்ளூர் மக்களுக்கு வேடமிட்டு மேடையேற்றும் ஒரு தொலைக்காட்சித் தொடரிலும் அவர் பங்குகொண்டார். அந்த டென்னசியில்தான் இத்தகைய ஆட்டத்தைக் கட்டுப்படுத்த 2023இல் சட்டம் இயற்றியிருந்தனர். அமெரிக்காவிலும் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கவில்லை என்க.

பார்த்து முடித்ததும் பேர்த்தி கேட்டாள்: "நம்ம ஆளுங்க யாரும் இப்படி ஆடினதில்லையா தாத்தா? இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுன்னு அத்தை சொல்றாங்க."

வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா! தமிழ் நாடக மேடையின் வரலாறு ஏறக்குறைய முழுவதும் ஆண்கள் உடுத்திய சேலையின் வரலாறே. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சீதையும் வள்ளியும் பவளக்கொடியும் சிறுவர்களே. வறிய குடும்பத்துப் பிள்ளைகள் ஆறு ஏழு வயதில் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள். குரல் இனிமையாயுள்ள பையனுக்குப் பெண்வேடம். பதினான்கு பதினைந்து வயதில் குரல் உடையும். அதற்கு அவர்கள் மகரக்கட்டு என்று பெயரிட்டிருந்தார்கள். மகரக்கட்டு வந்த பையனுக்கு நேற்று வரை இருந்த மதிப்பு இன்று இல்லை. சிலர் ராஜபார்ட்டுக்கு ஏறினர். பலர் திரை இழுப்பவராயினர். வேறு பலர் எங்கே போயினர் என்று எழுதிவைத்தவர் இலர். சிவாஜி கணேசன் முதலில் ஏற்ற வேடங்களுள் ஒன்று சீதை என்பதை இன்று பலர் அறியார். டி. கே. சண்முகம் கூன்விழுந்த கிழவியாக நடித்த நாடகத்தால் அவ்வை சண்முகம் என்றே பெயர் பெற்று, அப்பெயருடனேயே 1973இல் மறைந்தார்.

இது கல்லாதார் கூத்து என்று ஒதுக்கவும் இயலாது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர், பின்னர் நீதிபதியும் ஆனவர். அவர் நாயகனாக நிற்க நாயகியாக நின்றவர் ரங்கவடிவேலு என்னும் அவருடைய ஆருயிர் நண்பர். பட்டம் பெற்ற கனவான்கள் சேலை கட்டியபோது அதனைக் கலை என்றார்கள்; கூலிக்காரன் கட்டியபோது அநாகரிகம் என்றோம். மராட்டிய மேடையில் பால கந்தர்வர் உடுத்திய சேலையின் கட்டைப் பார்த்துப் பெரிய வீட்டுப் பெண்கள் தம் கட்டை மாற்றிக்கொண்டார்கள். அவருக்கு 1964இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. எதிர்த்திசையிலும் நடந்ததுண்டு: கே. பி. சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார்; அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அந்நாளில் ஊரெங்கும் பேச்சு.

ஏன், நமது வீட்டு வாசலிலேயே பார்க்கலாமே. கம்போங் ராஜாவிலிருந்து லோஜிங் வழியே இறங்கினால் கிளந்தான். அந்நாட்டு மக்யோங் கூத்தில் அரசன் வேடத்தைப் பெண்ணே ஏற்பாள். 1991இல் கிளந்தான் அரசு அக்கூத்தைத் தடைசெய்தது. 2005இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் அரும்பெரும் மரபென்று அறிவித்தது. இங்கிலாந்திலும் 1660 வரை மேடையில் பெண்வேடம் பையன்களுடையதே. ஜப்பானில் 1629இல் பெண்களை மேடையினின்று விலக்கிய பின் ஆண்கள் பெண்ணாக நடிப்பதே ஒரு பெருங்கலையாக வளர்ந்தது. இவற்றையெல்லாம் பேர்த்திக்குச் சொன்னேன். ஆசிரியர் புத்தி, எளிதில் போகாது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தாத்தா. இங்கே, நம்ம தோட்டத்துலே?" என்றாள்.

எங்கள் தோட்டத்தில் ஒருவர் இருந்தார். கவ்வாத்துக் கூட்டத்தில் வேலை. தேயிலைச் செடியை மூன்று நான்கு ஆண்டுக்கொரு முறை முழங்காலளவுக்கு வெட்டிவிடும் அவ்வேலை ஆண்களுடையது. கையில் கவ்வாத்துக் கத்தி, முதுகில் பனி. லயத்தின் கடைசி வீட்டில் தனியே குடியிருந்தார். ஆண்டுதோறும் கோயில் திருவிழாவின் மூன்றாம் இரவு எங்கள் தோட்டத்தார் நல்லதங்காள் நாடகம் போடுவர். அதில் நல்லதங்காள் அவரே. வேடத்துக்கு வேண்டிய சேலைகள் லயத்துப் பெண்களிடமிருந்து வரும். பஞ்சத்தில் பிறந்தகம் நோக்கி நடக்கும் காட்சிக்குப் பழஞ்சேலை. அதற்கு முன், வாழ்ந்த காலத்துக் காட்சிக்கு என் தாயாரின் கூறைச்சேலை. அதைத் தவிர வேறொன்றை அவர் கேட்டதில்லை. என் தாயாரும் வேறெவருக்கும் அதைக் கொடுத்ததில்லை.

1967ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. ஒப்பனை நடக்கும் கீற்றுக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பெட்ரோமாக்ஸ் விளக்கு இரைந்துகொண்டிருந்தது. அவர் ஒரு சிறு கண்ணாடியைத் தேயிலைப் பெட்டிமீது சாய்த்துவைத்து, முத்துவெள்ளையை எண்ணெயில் குழைத்து முகத்தின் வலப்பாதியைப் பூசி முடித்திருந்தார். இடப்பாதி இன்னும் கவ்வாத்துக்காரர். என்னைக் கண்டு திரும்பி, "பயந்துட்டியா தம்பி?" என்றார். வலப்பக்கம் சிரித்தது. பேர்த்தியின் கைப்பேசியில் நான் கண்டு திடுக்குற்றது அந்த முகத்தையே. நாடும் மொழியும் வேறு. அந்தப் பாதி முகம் மட்டும் மாறவேயில்லை.

அன்றிரவு நாடகத்தைச் சொல்லவேண்டும். மூளி அலங்காரியின் வீட்டில் அவமானப்பட்டு வெளியேறி, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறியும் கட்டம். பிள்ளைகளாக நின்றவர்கள் நாங்களே. நான் ஐந்தாவது பிள்ளை. கிணறு என்பது மேடையின் பின்புறம் விரித்த சாக்கு. மூத்த மகன் காலைப் பிடித்துக்கொண்டு தன்னை மட்டும் விடும்படி கெஞ்சுவான். அப்போது அவர் பாடவில்லை. ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்துக்கொண்டேயிருந்தார்; இவர் பாடாமல் அவன் தலையை வருடிக்கொண்டு நின்றார். திடலில் இருந்த பெண்கள் வாய்விட்டு அழுதனர். கங்காணி வீட்டம்மாள், யாரோடும் பேசாதவர், எழுந்து நின்று "வேணாம்டி, போடாதேடி" என்று அலறினார். சாக்கின்மேல் கிடந்த நானும் அழுதேன். எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு நாட்டில் விட்டுவந்த அண்ணன்மார் உண்டு, பஞ்சமும் தெரியும், அண்ணியும் தெரியும். ஆண்டு முழுதும் கொழுந்துக் கூடையின்கீழ் அடக்கிவைத்த அழுகையை அந்த ஓர் இரவில் அழுது தீர்க்க அவர்களுக்கு ஒருவர் வேண்டியிருந்தது. அவர் ஆண் என்பது அவ்வேளையில் ஒருவருக்கும் நினைவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டு. இருள் பிரியுமுன் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அவர் காதோரத்தில் வெள்ளை சிறிது ஒட்டியிருக்கும். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் அது எளிதில் போவதில்லை. "ஏண்டி நல்லதங்கா, ஏழையும் கிணத்துல போட்டுட்டு வேலைக்கு வந்துட்டியா?" என்று ஆண்கள் கேட்பர். நேற்றிரவு மூக்கைச் சிந்திய அதே ஆண்கள்தாம். ஒருவன் அவர் நடையைப் போல் நடந்து காட்டுவான். பெண்கள் வாய் பொத்திச் சிரிப்பார்கள். பள்ளிக்குப் போகும் நாங்கள் அவர் பின்னே இடுப்பை ஒடித்து நடப்போம். நானும் நடந்தேன். அவர் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையில் மூன்று மணி நேரம் கும்பிடப்பட்டவர், ஆண்டின் மற்ற நாளெல்லாம் கேலிப்பொருள். பெண்வேடக் கலைஞர்க்கு நம் சமூகம் வகுத்த ஏற்பாடு இதுவாகவே இருந்தது. ஒப்பனையுள்ளவரை தாய், துடைத்தவுடன் யாருமில்லை.

அவர் எத்தகையவர் என்று இன்று சிலர் வினவலாம். இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். வேடமிடுதல் ஒரு தொழில், ஒரு கலை. திருநங்கையாயிருத்தல் ஒருவரின் இயல்பு. மதுரையில் பிறந்து, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று, 2019இல் பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜ் வேடமிட்டுப் பெண்ணானவர் அல்லர், அவர் பெண். கனடியப் போட்டியாளர் மார்க், தாம் ஆண்களை விரும்பும் ஆண் என்று சொல்லிக்கொண்டே மேடையில் பிரியங்காவாகிறவர். வேடமிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு உண்டவர்களும் நாடகக் கம்பெனிகளில் எண்ணற்றோர். எங்கள் தோட்டத்தவர் இவர்களுள் எவர் என்பதை நான் அறியேன். அவரிடம் கேட்டவர் எவருமில்லை. கேட்டிருந்தால் சொல்ல அவரிடம் சொல்தான் இருந்திருக்குமோ?

எங்கள் தலைமுறையிலேயே ஒருவர் சொல்லத் துணிந்தார் என்பதையும் குறிக்கவேண்டும். சிங்கப்பூர்க் குமாரை நம்மவர் பலர் அறிவர். 1968இல் பிறந்த தமிழர். 1990களில் பூகிஸ் தெருவின் 'பூம் பூம் ரூம்' என்னும் அரங்கில் பெண்ணுடையில் நின்று, எல்லா இனத்தாரையும் அவரவர் முகத்தெதிரே நையாண்டி செய்து, அவர்களையே சிரிக்கவைத்தவர். அவர் பேச்சில் பச்சையான சொற்கள் உண்டு. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கலாம். 2011இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் தம் இயல்பை ஒளிக்காமல் சொன்னார். ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றமாக்கிய பழைய சட்டப்பிரிவைச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில்தான் நீக்கியது. ஆக, அவர் சொன்னபோது அச்சட்டம் உயிரோடிருந்தது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இன்றுமுண்டு. முஸ்லிம் ஆண் பெண்ணுடை தரிப்பதைக் குற்றமென்ற நெகிரி செம்பிலான் சட்டப்பிரிவை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்றது. 2015இல் கூட்டரசு நீதிமன்றம் நடைமுறைக் காரணத்தைக் காட்டி அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

நிற்க. 1975க்கு வருகிறேன். எங்கள் வாலிபர் மன்றம் நல்ல காரியங்கள் சில செய்ததுண்டு. நூலகம் வைத்தோம், சம்பள நாளில் கள் குடிப்பதைக் கண்டித்தோம், சாதி கேட்டுப் பந்தி பிரித்த ஒருவரை எழுந்திருக்கச் செய்தோம். இவற்றுக்கு நான் இன்றும் வெட்கப்படேன். ஆனால் சீர்திருத்தக்காரனுக்கு ஒரு நோய் வருவதுண்டு. தனக்கு வெட்கமாயிருப்பதெல்லாம் சமூகத்துக்குக் கேடு என்று எண்ணிவிடுவான். பட்டணத்து நண்பர்கள் திருவிழாவுக்கு வந்தால் சேலைகட்டிய கவ்வாத்துக்காரரைக் காட்ட எங்களுக்கு நாணம். அந்நாணத்துக்குப் பகுத்தறிவு என்று பெயரிட்டோம். நாடகத்தை நிறுத்திவிட்டு ஈப்போவிலிருந்து சினிமாப் பாட்டுக் கச்சேரி கொண்டுவருவது என்று தீர்மானித்தோம். அதை ஊருக்கு விளக்கும் சொற்பொழிவே என்னுடையது.

கச்சேரிக்காரர்கள் தாப்பா வழியே லாரியில் வந்தார்கள். அந்நாளில் மலைக்கு வேறு நல்ல சாலை இல்லை. வளைவுகளில் பாதிப்பேர் வாந்தியெடுத்துப் படுத்துவிட, மீதிப்பேர் பாடினர். ஒலிபெருக்கி அலறியது. ஒருவரும் அழவில்லை. என் தாயார் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

சொற்பொழிவுக்கு மறுநாள் மாலை அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் என் தாயாரின் கூறைச்சேலை. நாடகம் நடக்குமென்று நம்பி முன்னரே வாங்கிப் போயிருக்கிறார். துவைத்து, மடித்து, செய்தித்தாளில் சுற்றியிருந்தது. "அக்கா, இந்த வருஷம் வேண்டியதில்லையாம்" என்றார். என் தாயார் பதில் பேசாமல் வாங்கிக்கொண்டார். நான் உள்ளே போய்விட நினைத்தேன், கால் நகரவில்லை. அவர் என்னைப் பார்த்து, கோபமோ கிண்டலோ சிறிதுமின்றி, "தம்பி நல்லா பேசினே. குரல் கடைசி ஆளு வரைக்கும் வந்துச்சு. ஆனா வாக்கியம் முடியறதுக்கு முன்னாலேயே மூச்சை விட்டுடறே. வயித்துல கொஞ்சம் வெச்சிக்க" என்றார். பிறகு போய்விட்டார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் பேசினேன். மேடைகளில் பேசினேன். மூச்சை வயிற்றில் கொஞ்சம் வைத்துக்கொண்டே பேசினேன். அதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் யாரென்று எவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அடுத்த ஆண்டு திருவிழாவுக்குள் அவர் தோட்டத்தைவிட்டுப் போய்விட்டார். பேராவில் ஏதோ ரப்பர்த் தோட்டம் என்றனர் சிலர். சிங்கப்பூர் என்றனர் சிலர்.

இதையெல்லாம் சொல்லி, பெட்டியிலிருந்து அச்சேலையை எடுத்துப் பேர்த்தியிடம் காட்டினேன். என் தாயார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சேலை என்னிடம் இருக்கிறது. முந்தானையின் ஓரத்தில் முத்துவெள்ளையின் கறை ஒரு விரலகலம். அவர் எவ்வளவோ துவைத்தும் போகாத கறை. பேர்த்தி அதைத் தொட்டுப் பார்த்தாள். "அவர் பேரு என்ன தாத்தா?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. மறந்துவிட்டேன் என்று முதலில் எண்ணினேன். அன்றிரவெல்லாம் யோசித்தேன். மறதியன்று, எனக்குத் தெரிந்ததே இல்லை. பெரியவர்கள் அவரை நல்லதங்காள் என்றார்கள். நாங்கள் அவ்வண்ணமே கூவினோம். என் தாயார் மட்டும் "தம்பி" என்று அழைப்பார். எங்கோ கனடாவில் இருக்கும் ஒருவரின் இரு பெயரும் எனக்கு இப்போது மனப்பாடம். என்னைச் சாக்கின்மேல் எறிந்து, முன்னதாக ஒருமுறை கையால் தடவி மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்தவரின் ஒரு பெயரும் தெரியவில்லை.

பேர்த்தி விடவில்லை. மறுநாளே புறப்பட்டோம். தோட்டத்து லயங்களில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் குடியிருக்கின்றனர்; பழைய செக்குரோல் புத்தகங்கள் எங்கே என்று கேட்டதற்கு அங்கிருந்த இளைஞருக்குச் செக்குரோல் என்ற சொல்லே விளங்கவில்லை. டிரிங்காப்பில் ஆர்மோனியக்காரரின் மகனைக் கண்டோம், அவர் "நல்லதங்காள் மாமாவா?" என்று முகம் மலர்ந்தார், பெயர் தெரியாது. தானா ராத்தாவில் என்னோடு மன்றத்தில் இருந்த நண்பரைக் கண்டோம். அவருக்கு அச்சொற்பொழிவு நன்றாக நினைவிருந்தது.

கடைசியாகக் கம்போங் ராஜாவில், மகள் வீட்டில் இருக்கும் ஒரு மூதாட்டியிடம் போனோம். தொண்ணூறு வயதுக்கு மேல். கொழுந்துக் கூடையின் பட்டை அழுத்திய தழும்பு நெற்றியில் இன்னும் இருக்கிறது. நல்லதங்காளுக்குப் பழஞ்சேலை கொடுத்தவர்களுள் ஒருவர். கேள்வியைப் பேர்த்தியே அவர் காதருகே குனிந்து கேட்டாள். மூதாட்டி வெகுநேரம் யோசித்தார்.

"பேரு இருந்துச்சு கண்ணு. இல்லாமே எப்படி? பெரட்டுலே கிராணி கூப்பிடுவாரே. ரெண்டு தடவை கூப்பிடணும். முதத் தடவை கூப்பிட்டா அது தன்னைத்தான்னு அவருக்கே தெரியாது."